அருகம்புல் தரை: வீட்டு முன்வாசலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும்

யாரும் நடாமலே வரப்பெல்லாம் படரும் அருகம்புல், காசு செலவழித்து வீட்டு முன்னால் நட்டால் ஆறே மாதத்தில் திட்டுத்திட்டாக மொட்டையடித்துவிடுகிறது. உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று அதைச் சுற்றியே கவலை ஓடும். பெரும்பாலும் கோளாறு வேறு மூன்று இடங்களில் இருக்கும்: நிழல், அடிமண், வெட்டும் உயரம். மேய்ச்சல் நிலத்திலும் இதே கதைதான். அங்கே கத்தியின் இடத்தில் ஆட்டின் வாய் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கீழே சொல்லும் அளவுகள் தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலுக்கும் மண்ணுக்கும் உரியவை. சென்ட் என்று சொல்லும் இடங்களில் 435 சதுர அடி, அதாவது சுமார் 40 சதுர மீட்டர் என்று கொள்ளுங்கள்.

முதலில் புல்லைப் பார்த்து அறியுங்கள்

அருகின் கொடியொன்றைப் பிடுங்கிக் கையில் எடுத்தால் அதன் வேலை முழுவதும் புரியும். தரைமேல் ஓடும் தண்டில் விரற்கடை இடைவெளிக்கு ஒரு கணு. மண்ணைத் தொட்ட கணு ஒவ்வொன்றிலும் கீழே வேர், மேலே தூர். மண்ணுக்குள்ளும் இன்னொரு தண்டு வெள்ளையாக, நுனி ஊசிபோலக் கூராக ஓடும். மணமக்களை ‘அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவது இந்தக் கணுக்களைப் பார்த்துத்தான். ஒரு கணு மட்டும் மிஞ்சினாலும் புல் திரும்ப வரும். நடுவதற்கும் ஒழிப்பதற்கும் இந்த ஒரு உண்மையை நினைவில் வைத்தால் போதும்.

காக்காக்கால் புல்லைப் பலர் அருகென்று நினைத்துப் பிடுங்கி வந்து நட்டுவிடுகிறார்கள். அதன் கதிர்விரல்கள் குட்டையாக, தடியாக இருக்கும். விரல் நுனியில் முள்போல ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். அருகின் கதிர்விரல்கள் மூன்று முதல் ஆறு, மெலிந்து நீண்டிருக்கும். கதிர் இல்லாத சமயத்தில் இலையைத் தண்டிலிருந்து மெதுவாக விலக்கி, சேரும் இடத்தைப் பாருங்கள். வெள்ளை மயிர் வளையம் ஒன்று தெரிந்தால் அருகு என்று நம்பலாம். கூடவே மண்ணுக்குள் அந்த வெள்ளைத் தண்டும் இருக்க வேண்டும். காக்காக்கால் ஒரே பருவத்தில் கதிர்விட்டுக் காய்ந்துபோகும். நட்ட இடம் கோடையில் வெறுந்தரையாகிவிடும்.

வெயில் இல்லாத இடத்தில் நடாதீர்கள்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. அருகு சோளம், கரும்பு மாதிரி கடும் வெயிலில் வேகமாக உணவு தயாரிக்கும் வகையைச் சேர்ந்தது. 25 முதல் 37 டிகிரி வெப்பத்தில் துள்ளி வளரும். 15 டிகிரிக்குக் கீழே போனால் நின்றுவிடும். நிழலில் இலை நீண்டு மெலிந்து மேல்நோக்கிப் போகும், பக்கக்கொடி ஓடாது, தரை தெரியும். உரம் போட்டால் இன்னும் மெலியும். காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மணிக்கொருமுறை நிழல் விழும் கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் குறித்துப் பாருங்கள். எங்கே நடலாம் என்று அந்தக் கோடுகளே காட்டும். மரத்தடிக்கும் மதில் ஓரத்துக்கும் அகல இலை எருமைப்புல் போதும். அருகை அங்கே கட்டாயப்படுத்துவது வீண் செலவு.

நாட்டு அருகா, ஒட்டு ரகமா?

மேய்ச்சலுக்கு நாட்டு அருகுதான். வீட்டுத் தரைக்கு இரண்டும் ஆகும். நர்சரிகளில் பெர்முடா என்றும் 419 என்றும் விற்பது பெரும்பாலும் டிஃப்வே 419 வகை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960-இல் வெளியான ரகம் அது. நம் அருகும் ஆப்பிரிக்க அருகு இனம் ஒன்றும் கலந்த ஒட்டு. இலை மெல்லியது, நெருக்கமாகப் படரும். ஆனால் வாரம் இரண்டு முறை வெட்டு கேட்கும். வெட்டத் தவறினால் நாட்டு அருகைவிடச் சீக்கிரம் அசிங்கமாகும். வெட்ட ஆளும் நேரமும் இல்லாத வீட்டுக்கு நாட்டு அருகைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

இந்த ஒட்டு மலட்டு ரகம், முளைக்கும் விதை வைக்காது. ஆகவே ‘419 விதை’ என்று பாக்கெட்டில் யார் விற்றாலும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது வேறு ஏதோ ஒரு அருகு விதை.

அடிமண்

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். புது வீட்டைச் சுற்றியுள்ள தரையில் சிமென்ட் கட்டி, ஜல்லி, செங்கல் பொடி எல்லாம் மேல் அரையடிக்குள் கிடக்கும். அதன்மேல் மூன்று அங்குலம் செம்மண் கொட்டிப் புல் நட்டால் மழைக்காலம் முழுக்கப் பச்சையாக இருந்துவிட்டு, பங்குனியில் கட்டிடக் குப்பை இருக்கும் இடம் மட்டும் வரைபடம் போட்டதுபோல் காயும். ஆகவே முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, குப்பையைப் பொறுக்கி வெளியேற்றுங்கள். சிமென்ட் கலந்த மண்ணை மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது கோரை. புல்தரையில் கோரை வந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். நடுவதற்கு முன் ஒன்றரை மாதம் ஒதுக்கினால் தொல்லை வெகுவாகக் குறையும். கொத்திய மண்ணுக்குத் தண்ணீர் விட்டு விடுங்கள். பத்து, பன்னிரண்டு நாளில் கோரை முளைக்கும். முளைத்து மூன்று வாரத்துக்குள் ஒவ்வொன்றையும் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் புதுக் கிழங்கு கட்டிவிடும். கையால் இழுத்தால் இலை மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். களைக்கொத்தியால் ஆழத் தோண்டுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி முளைப்பு, மறுபடி தோண்டல். இரண்டு சுற்றாவது செய்யுங்கள். சித்திரை வெயிலில் பாலிதீன் விரித்து மண்ணைச் சுட வைப்பது மற்ற களை விதைகளுக்கு நல்ல வைத்தியம். கோரைக் கிழங்கு அதிலும் தப்பித்துக்கொள்ளும்.

அதன்பின் ஒரு சென்ட்டுக்கு 200 கிலோ நன்கு மக்கிய தொழு உரம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட் கலந்து கொத்திவிடுங்கள். மண் பரிசோதனையில் மணிச்சத்து போதுமான அளவு இருந்தால் சூப்பர் வேண்டாம். தொழு உரத்தைக் கையில் பிசைந்தால் சாண வாடை வரக்கூடாது. பச்சை எருவோடு களை விதை மூட்டையாக வந்து சேரும். களிமண்ணாக இருந்தால் கழுவிய எம்-சாண்ட் சேர்க்கலாம், ஆனால் கொஞ்சமாகச் சேர்த்தால் களி இன்னும் கெட்டியாகும். சேர்த்தால் பாதிக்குப் பாதி, இல்லாவிட்டால் எருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மட்டம் பார்ப்பதற்கு ரசமட்டக் குழாய் போதும். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்று முதல் இரண்டு அங்குலம் சரிவு வையுங்கள். பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டு நான்கு நாள் அமர விடுங்கள். பள்ளம் விழுந்த இடங்களை நிரப்பி மறுபடி தண்ணீர் விடுங்கள். இதை அவசரத்தில் தாண்டிப் போனவர்கள், புல் மூடிய பிறகு மேட்டில் வெட்டு மொட்டையாவதையும் பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கரணை நடுதல்

கரணை என்பது கணுக்களோடு நறுக்கிய கொடித் துண்டு. அதை நட ஆடி, ஆவணி மாதங்கள் சிறந்தவை. வெயில் இருக்கும், இடையிடையே மழையும் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நட்டால் கரணை அடித்துப்போகும். மேகமூட்டத்தில் வேரும் மெதுவாகத்தான் பிடிக்கும். கிணறோ போரோ இருந்தால் தை, மாசியிலும் நடலாம்.

அடர்ந்த புல்தரை ஒரு சதுர மீட்டர் பெயர்த்தால் பத்து சதுர மீட்டர் நடக் கரணை கிடைக்கும். எடுக்கும் இடத்தில் கோரை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியும் மண்ணை உதறி, வேரைத் தண்ணீரில் அலசியே கொண்டுவர வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணில் ஐந்தாறு கோரைக் கிழங்கு ஒளிந்து வரும். மூன்று, நான்கு கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, ஈரச் சாக்கில் மூடி நிழலில் வையுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த கரணை பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும், நட்டால் பிடிக்காது. எடுத்த அன்றே நட்டுவிடுங்கள்.

நடும் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர். ஒரு சென்ட்டுக்கு 4,000 கரணை ஆகும். கூர்க் குச்சியால் சாய்வாகக் குழி போட்டு, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலும் இருக்க வைத்து, விரலால் அழுத்துங்கள். அழுத்தம் முக்கியம். மண்ணுக்கும் கணுவுக்கும் நடுவே காற்று இருந்தால் வேர் இறங்காது. நட்டபின் மெல்லிய ரோலர் ஒருமுறை ஓட்டலாம். ரோலர் இல்லையென்றால் பலகை போட்டு அதன்மேல் நடந்தால் போதும்.

முதல் பத்து நாள் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை பூவாளியால் லேசாக நனையுங்கள். மேல்மண் வெளிறக்கூடாது, சேறும் ஆகக்கூடாது. ஒரு வாரத்துக்குப்பின் ஒரு கரணையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எதிர்த்து நின்றால் வேர் வந்துவிட்டது. அதன்பின் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஆழமாக விடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் தரை மூடும். இடையில் எட்டிப் பார்க்கும் அம்மான் பச்சரிசி, நெருஞ்சி போன்றவற்றைப் பூக்கும் முன்பே கையால் எடுத்துவிடுங்கள்.

மண்ணோடு பாய்போலப் பெயர்த்த புல்லை, பத்தையாக வாங்கி விரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்தையோடு வரும் மண் பெரும்பாலும் களி. அதை மணல் பாங்கான தரைமேல் விரித்தால் தண்ணீர் பத்தையிலேயே நின்றுவிடும், கீழே இறங்காது, வேரும் இறங்காது. பத்து நாள் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். துணிபோல எழும்பி வந்தால் அடியில் வேர் பிடிக்கவில்லை. வாங்கும்போதே அடிமண் மெல்லியதாக உள்ள பத்தையைக் கேளுங்கள். செங்கல் வரிசைபோல மூட்டு மாற்றி அடுக்கி, இடுக்குகளில் மணல் நிரப்புங்கள்.

விதைப்பதானால் 100 சதுர அடிக்கு 50 கிராம். விதை மிகப் பொடி. ஐந்து மடங்கு உலர்ந்த மணலில் கலந்து பாதியை நெடுக்கிலும் மீதியைக் குறுக்கிலும் தூவுங்கள். அரை சென்டிமீட்டருக்குமேல் மண்ணால் மூடினால் முளைக்காது.

தண்ணீர்

வேர் பிடித்த அருகுக்குக் கோடையில் வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணீர் போதும். 100 சதுர அடிக்கு 230 லிட்டர், சென்ட்டுக்கு 1,000 லிட்டர். அதை இரண்டு தடவையாகப் பிரித்துக் காலையில் விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் புல்லைக் கெடுக்கிறது. வேர் மேலேயே தங்கிவிடும், இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் மோட்டார் நின்றால் உடனே வாடும். தண்ணீர் விட்ட அரைமணி கழித்து நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். ஆறு அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் போதுமான ஆழம் நனைந்திருக்கிறது. எப்போது விடுவது என்பதைப் புல்லே காட்டும்: இலை மடிந்து நிறம் நீலச் சாம்பலாக மாறும், நடந்து போனால் கால் தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கும்.

உப்புத் தண்ணீரை அருகு நன்றாகத் தாங்கும். கடலோர ஊர்களில் வேறு புல் நிற்காத இடத்திலும் இது நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனாலும் உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை இரட்டிப்புத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். வடிகால் இல்லாவிட்டால் இதனால் பயனில்லை. மண் கெட்டிப்பட்டு மேலே ஓடுபோல வெடித்தால் அது சோடியம் மிகுந்ததன் அடையாளம். பரிசோதனை அறிக்கை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட வேண்டியிருக்கும்.

வெட்டு

நாட்டு அருகை 3 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருங்கள். ஒட்டு ரகம் 2 சென்டிமீட்டர் வரை தாங்கும். ஒரே வெட்டில் இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். புல்லை விலக்கிக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் காரணம் தெரியும். வளர விட்ட அருகில் பச்சை இலை முழுவதும் உச்சியில் இருக்கும், கீழே வெறும் பழுப்புத் தண்டு. ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் அந்தத் தண்டுதான் மிஞ்சும். தரை காய்ந்ததுபோலத் தெரியும், உடனே தண்ணீரும் யூரியாவும் கொட்டத் தோன்றும். அது தேவையே இல்லை. உயரம் மிஞ்சிவிட்டால் நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று வெட்டாகக் குறைத்து வாருங்கள்.

மழைக்காலத்தில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை வெட்டலாம். வெட்டிய மறுநாள் நுனிகள் வெள்ளையாக நார் நாராகத் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. வெட்டும்போது விழும் குட்டைத் துணுக்குகளை அள்ள வேண்டாம். அவை மக்கித் தழைச்சத்துத் தேவையில் கால் பங்கு வரை திருப்பித் தரும்.

அப்படி விட்டால் மெத்தை சேரும் என்ற பயம் பலருக்கு உண்டு. மெத்தையாவது இலை அல்ல, மட்காமல் நிற்கும் பழைய தண்டும் வேரும்தான். கத்தியால் ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் பழுப்பு அடுக்கு அரை அங்குலத்தைத் தாண்டினால் தண்ணீர் உள்ளே போகாது, பூச்சி தங்கும். ஆனி மாதம், மழைக்கு முன் ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒட்ட வெட்டி, இரும்புப் பல் வாரியால் குறுக்கும் நெடுக்கும் வாரி எடுங்கள். தோட்ட வேலைக்கான முள்கரண்டியை நாலு அங்குல ஆழத்துக்குக் குத்தி அசைத்துத் துளை போடுங்கள். பிறகு மணலும் சலித்த எருவும் சமமாகக் கலந்து 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவித் தேய்த்து விடுங்கள். சென்ட்டுக்கு 7 கன அடி ஆகும். இரண்டு வாரம் பார்க்கச் சகிக்காது. மூன்றாவது வாரத்தில் புதுத் தரையாக எழும்பும்.

உரம்

மைதானங்களுக்குச் சொல்லும் முழு அளவு, வளரும் பருவத்தில் மாதம் 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா. வீட்டுக்கு அதில் பாதி தாராளம்: சென்ட்டுக்கு 200 கிராம், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. ஒரு முறை விட்டு ஒரு முறை 100 கிராம் பொட்டாஷ் சேருங்கள். இரண்டு கிலோ உலர்ந்த மணலில் கலந்து, பனி உலர்ந்த பிறகு தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். ஈர இலையில் ஒட்டிய யூரியா மறுநாளே கருகல் புள்ளியாகத் தெரியும். மார்கழிக் குளிரில் புல் மெதுவாக வளரும்போது யூரியா கொடுப்பதால் நோயைத்தான் வளர்க்கிறோம்.

சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். டைல்ஸ், சிமென்ட் தரையில் சொட்டினால் துருக் கறை போகவே போகாது, மூடிவிட்டுத் தெளியுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று உண்டு. நரம்பு உட்பட இலை முழுக்கக் காகிதம்போல் வெளுத்து, குட்டையாகிக் கொத்துக் கொத்தாகத் தூர் வெடிக்கும். அது வெள்ளை இலை நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, தத்துப்பூச்சி பரப்பும். எந்த உரமும் மருந்தும் இதைக் குணமாக்காது. சுற்றி ஒரு சாண் சேர்த்துப் பெயர்த்து எரித்துவிட்டு நல்ல கரணை நடுங்கள். கரணை எடுக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கொத்து தெரிந்தால்கூட அங்கே எடுக்க வேண்டாம்.

திட்டுத்திட்டாகக் காய்ந்தால்

காய்ந்த திட்டின் ஓரத்தைப் பிடித்து இழுங்கள். பாய்போலச் சுருண்டு வந்தால் வேர்ப்புழு வேரைத் தின்றிருக்கிறது. ஒரு சதுர அடியில் ஐந்தாறுக்குமேல் வெள்ளைப் புழு இருந்தால் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை ஈர எருவில் கலந்து மாலையில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். வேர் உறுதியாக நின்று இலை மட்டும் கடிபட்டிருந்தால் படைப்புழு. மைனாக் கூட்டம் அங்கேயே கொத்திக்கொண்டிருப்பதும் ஒரு துப்பு. நாலைந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் புழுக்கள் மேலேறி வரும். நடுவில் கருகலும் சுற்றிலும் அடர் பச்சை வளையமும் என்றால் நாய் மூத்திரம். அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் போதும்.

மேய்ச்சல் நிலம்

மேய்ச்சலுக்கு இத்தனை நுணுக்கம் வேண்டாம். இரண்டு உழவு, ஏக்கருக்கு 5 டன் தொழு உரம். ஒன்றரை அடி இடைவெளியில் சால் பிடித்து, கரணையை நீளவாக்கில் போட்டு, நுனி வெளியே தெரியும்படி இரண்டு அங்குலம் மண் தள்ளி மிதித்துவிடுங்கள். முதல் நான்கு மாதம் ஒரு ஆடுகூட உள்ளே போகக்கூடாது. வேர் இறங்காத கொடியை ஆடு கடித்து இழுத்தால் முழுதாகவே வாயோடு வந்துவிடும்.

பிறகு ஒரே விதி: 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் விடுங்கள், 5 சென்டிமீட்டரில் வெளியேற்றுங்கள், மூன்று, நான்கு வாரம் ஓய்வு கொடுங்கள். ஒரே துண்டில் மூன்று நாளுக்குமேல் வைத்திருந்தால் புதிதாகத் துளிர்த்ததையே திரும்பக் கடிக்கும், வேரில் சேமிப்பு தீரும். 5 சென்டிமீட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடற்புழுக் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கும். பனி ஈரம் இருந்தால் மேலே ஏறும். ஆகவே பனி உலர்ந்த பிறகே பட்டியைத் திறங்கள்.

எத்தனை ஆடு தாங்கும் என்று நீங்களே அளந்துகொள்ளலாம். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருப்பதை 5 சென்டிமீட்டர் விட்டு அறுத்து நிறுங்கள். 600 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். சென்ட்டுக்கு 24 கிலோ. மிதிபடுவது, அழுக்காவது போக மூன்றில் இரண்டு பங்கு வயிற்றுக்குப் போகும், அதாவது 16 கிலோ. 25, 30 கிலோ எடையுள்ள செம்மறிக்கு வேறு தீனி இல்லையென்றால் நாளைக்கு மூன்று, மூன்றரை கிலோ பச்சைப் புல் வேண்டும். ஆக, 20 ஆட்டுக்கு நாளைக்கு நாலரை சென்ட். மூன்று நாள் துண்டு 13 சென்ட். 24 நாள் ஓய்வுக்கு இப்படி ஒன்பது துண்டுகள் வேண்டும், சுமார் ஒன்றேகால் ஏக்கர். கோடையில் சட்டம் 300 கிராம்தான் காட்டும். அப்போது ஓய்வைக் குறைக்காமல் ஆட்டைக் குறையுங்கள், அல்லது கொட்டிலில் தீவனம் கொடுங்கள். வேலியோரம் வேலிமசால் விதைத்து வைத்தால் அந்த மாதங்களில் புரதத்துக்கு உதவும்.

நான்கு வாரத்துக்கு மேற்பட்ட அருகில் தண்டு மிகுந்து புரதம் குறையும். கதிர் முற்றவிட்டால் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. கதிரில் எர்காட் பூஞ்சாணம் பிடித்தால் அதைத் தின்ற மாடு கழுத்தும் தோளும் நடுங்கி, நடையில் தள்ளாடும். உடனே அந்தத் துண்டிலிருந்து வெளியேற்றி வேறு தீவனம் கொடுத்து அமைதியாக வைத்திருங்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். யூரியா போடுவதானால் ஏக்கருக்கு 25 கிலோ, ஆடு வெளியேறிய மறுநாள், மழை ஈரத்தில். வெறும் சாக்கையும் சிந்திய குருணையையும் ஆடு நக்கும் இடத்தில் விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. நீண்ட வறட்சிக்குப்பின் முதல் மழையில் குபீரென்று எழும் புல்லில், ஆட்டுக்கு நஞ்சாகும் அளவுக்கு நைட்ரேட் மிகும். பசியோடு இருக்கும் ஆட்டை அதில் விடாமல், வைக்கோலோ சோளத்தட்டையோ கொஞ்சம் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

தண்ணீர்த் தொட்டியையும் உப்புக் கட்டியையும் ஒரே இடத்தில் வைத்தால் அங்கே தரை மொட்டையாகி நெருஞ்சி ஏறும். இரண்டையும் எதிரெதிர் மூலையில் வையுங்கள்.

எல்லை தாண்டினால்

பூப்பாத்திக்கும் தரைக்கும் நடுவே எட்டு அங்குல ஆழத்துக்குத் தகடோ கல்லோ பதியுங்கள், ஒரு அங்குலம் மேலே தெரிய வேண்டும். வயலில் ஏறிவிட்ட அருகை ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டி ஒழிக்க முயலாதீர்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு கரணையாகி வயல் முழுக்க நட்டதுபோல் ஆகிவிடும். கோடை உழவில், மண் காய்ந்திருக்கும்போது கொக்கிக் கலப்பையால் வேர்த்தண்டை மேலே புரட்டி, பத்து, பதினைந்து நாள் வெயிலில் போடுங்கள், பிறகு வாரி அள்ளுங்கள். அள்ளியதை அப்படியே எருக்குழியில் கொட்ட வேண்டாம். தண்டை ஒடித்தால் படக்கென்று முறியும் அளவுக்குக் காய்ந்த பிறகே குழிக்குள் போக வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே உயிர் இருக்கிறது.